1992 ஜெர்சின்னு நம்பி 1,350 டாலர் போச்சு: செயின்ட் ஜான்ஸ் ஹாக்கி டீம் வரலாறு எனக்கு லேட்டா தெரிஞ்ச கத

இத இதுவரைக்கும் யார்கிட்டயும் முழுசா சொன்னதில்ல, வீட்டுக்கு போன் பண்ணும்போது அம்மாகிட்ட கூட சொல்லல. 2024 ஏப்ரல்ல ஒரு பழைய ஐஸ் ஹாக்கி ஜெர்சிக்கு 1,350 கனடா டாலர் குடுத்து ஏமாந்தேன். அப்போ நம்ம காசுக்கு கிட்டத்தட்ட 82,000 ரூபா. காசு போனதோட விடல, அது பின்னாடி ஏழு மாசம் தனியா அலைஞ்சேன். யாராவது ஒருத்தர் முன்னாடியே "அந்த டீமோட வருஷக்கணக்க ஒரு தடவ பாத்துட்டு வாங்குப்பா"ன்னு சொல்லியிருந்தா அஞ்சு நிமிஷத்துல தப்பிச்சிருப்பேன். அதான் எழுதுறேன், கொஞ்சம் நீளமாவே இருக்கும்.

நான் இருக்குறது செயின்ட் ஜான்ஸ்ல, கனடாவோட கிழக்கு ஓரம், நியூஃபவுண்ட்லாந்து தீவு. 2018 செப்டம்பர்ல மெமோரியல் யுனிவர்சிட்டிக்கு மாஸ்டர்ஸ் படிக்க வந்தேன். இங்க டைமே மத்த கனடாவோட ஒட்டாது, நம்ம ஊர் மாதிரியே அரை மணி நேரம் தள்ளி ஓடும். தங்குனது ஒரு வயசானவர் வீட்டு பேஸ்மென்ட்ல. இங்க வயசானவங்கள ஸ்கிப்பர்னு கூப்பிடுவாங்க, நானும் அப்படியே கூப்பிட ஆரம்பிச்சேன், அவர் என்ன "மை சன்"னு கூப்பிடுவார். அது இந்த ஊர் பழக்கம், எல்லாரையும் அப்படித்தான் சொல்லுவாங்கன்னு அப்புறம் தெரிஞ்சுது, ஆனா வந்த புதுசுல அப்பா அம்மா யாரும் பக்கத்துல இல்லாத நேரத்துல அந்த வார்த்த காதுல விழுந்தா மனசு கொஞ்சம் நிக்கும். நான் தமிழ்னு சொன்னதும் அவர் முதல்ல கேட்டது 1986 பத்தி. அந்த ஆகஸ்ட்ல ரெண்டு லைஃப்போட்ல 155 ஈழத்தமிழர்கள் நடுக்கடல்ல தத்தளிச்சப்போ செயின்ட் ஷாட்ஸ் பக்கத்து மீனவர்கள் தான் காப்பாத்தி கரை சேத்தாங்க. நான் தமிழ்நாடு, எனக்கு அது பாதி தான் தெரியும், அவர் தான் முழுசா சொன்னார்.

அந்த அக்டோபர்ல அவர் என்ன ஒரு மேட்சுக்கு கூட்டிட்டு போனார். நியூஃபவுண்ட்லாந்து குரோலர்ஸ், அப்பத்தான் புதுசா ஆரம்பிச்ச டீம், ஈசிஎச்எல்னு ஒரு லீக்ல ஆடுனாங்க. இந்த லீக் கணக்கு தெரியாதவங்களுக்கு சுருக்கமா சொல்லிடுறேன், ஏன்னா பின்னாடி தேவைப்படும். மேல இருக்குறது என்எச்எல், அதுக்கு அடுத்த படி அமெரிக்கன் ஹாக்கி லீக், அதுக்கும் கீழ ஈசிஎச்எல். கீழ இருக்குற டீம் பெரும்பாலும் மேல ஒரு பெரிய டீமோட சேந்திருக்கும், பசங்க கீழ ஆடி தேறுனா மேல கூப்பிட்டுப்பாங்க. குரோலர்ஸ் டொரான்டோ மேப்பிள் லீஃப்ஸுக்கு கீழ. முதல் வருஷமே, 2019 ஜூன்ல, பைனல்ல டொலீடோ வாலாய் டீம 4-2 மேட்ச் கணக்குல ஜெயிச்சு ஈசிஎச்எல் கோப்பையான கெல்லி கப் வாங்கிட்டாங்க. கேப்டன் ஜேம்ஸ் மெலிண்டி இந்த ஊர்ப் பையன், பிளேஆஃப்ல சிறந்த ஆட்டக்காரர்னு விருது வாங்குன சாக் ஓப்ரையனும் இந்த ஊர்ப் பையன். கடைசி மேட்ச் இங்க மைல் ஒன் ஸ்டேடியத்துல தான் நடந்துச்சு, நான் ஸ்கிப்பர் பக்கத்துல நின்னுட்டு கத்துனேன், ஸ்கேட்டிங் கூட தெரியாத எனக்கு கண்ணுல தண்ணி. இவ்ளோ வருஷம் காத்திருந்தோம்னு மட்டும் அவர் சொன்னார். எவ்ளோ வருஷம்னு நான் அன்னைக்கு கேக்கல, கேட்டிருக்கணும்.

கோவிட் வந்து 2020-21 சீசன் அவங்க ஆடவே இல்ல. அப்புறம் திரும்ப வந்தாங்க, ஆனா 2024 ஏப்ரல் 2 அன்னைக்கு, சீசன்ல இன்னும் மேட்ச் மிச்சம் இருக்கும்போதே, லீக் அவங்க மெம்பர்ஷிப்ப ரத்து பண்ணிடுச்சு. ஒரே நாள்ல டீம் இல்ல. ஸ்கிப்பர் அன்னைக்கு டிவிய ஆஃப் பண்ணிட்டு ஜன்னல் பக்கம் போய் உக்காந்துட்டார். அவருக்கு மே மாசம் பொறந்தநாள் வரும், 78 முடியுது. எதாவது பண்ணணும்னு தோணிட்டே இருந்துச்சு, அவர் இந்த ஊர்ல முன்னாடி அமெரிக்கன் லீக்ல ஆடுன செயின்ட் ஜான்ஸ் மேப்பிள் லீஃப்ஸ் டீம் பத்தி எப்பவாவது சொல்லுவார், 1992 பைனல்னு சொல்லும்போது குரல் மாறும். அந்த டீம் ஜெர்சி ஒன்னு வாங்கி குடுத்தா என்னன்னு ராத்திரி ஒரு மணிக்கு தேட ஆரம்பிச்சேன். நான் பண்ண முதல் தப்பு அதுதான். ஒரு டீம் மூடுன வாரத்துல அந்த ஊர்ல எல்லாருமே எதையாவது பிடிச்சு வச்சுக்கணும்னு துடிப்பாங்க, விக்கிறவனுக்கு அது நல்லா தெரியும். அந்த மாசம் எதுவும் வாங்காதீங்க. ஆறு மாசம் கழிச்சு அதே பொருள் பாதி விலைக்கு வரும், உங்க தலையும் தெளிவா இருக்கும்.

ஒருத்தர் போட்டிருந்த விளம்பரம் கெடச்சுது, ஒன்டாரியோல இருக்கேன்னு சொன்னார். ஃபீலிக்ஸ் பாட்வின் ஆட்டத்துல போட்ட ஜெர்சி, 1992 கால்டர் கப் (அமெரிக்கன் லீக் கோப்பை) பைனல், மைல் ஒன் ஸ்டேடியத்துல சொந்த ஊர் வெற்றியில போட்டது, சர்டிபிகேட் உண்டு, ஹாலோகிராம் உண்டு. பாட்வின் பேர நான் ஸ்கிப்பர் வாயால கேட்டிருக்கேன், அந்த வருஷம் அமெரிக்கன் லீக்ல சிறந்த புதுமுகம்னு விருது வாங்குன கோலி, அதாவது கோல் காக்குறவர், அடுத்த வருஷமே டொரான்டோவோட மெயின் கோலி ஆனவர். 1,800 சொன்னார், நான் பேசி 1,350க்கு கொண்டு வந்தேன், ஜெயிச்ச மாதிரி இருந்துச்சு. இ-டிரான்ஸ்பர் (பேங்க்ல இருந்து நேரா பணம் அனுப்புறது) பண்ணுங்க, இன்னும் ரெண்டு பேர் கேட்டுட்டு இருக்காங்கன்னார். அனுப்பிட்டேன். பத்து நாள்ல பார்சல் வந்துச்சு, அதனால ஏமாத்துன மாதிரியே தெரியல. சும்மா காச வாங்கிட்டு ஓடியிருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும், பொருள் வந்ததால நான் நல்லா நம்பிட்டேன்.

பொறந்தநாள் அன்னைக்கு கேக் வெட்டி முடிச்சதும் குடுத்தேன். ஸ்கிப்பர் ஜெர்சிய மடியில விரிச்சு வச்சு ரொம்ப நேரம் தடவி பாத்துட்டு இருந்தார். அப்புறம் கண்ணாடிய போட்டு சர்டிபிகேட்ட படிச்சார். ரெண்டு தடவ படிச்சார். அவர் பொண்ணு, மாப்பிள்ள, பேரப்பசங்க எல்லாரும் இருந்தாங்க, அவங்க முன்னாடி எதுவும் சொல்லல, என் கையப் புடிச்சு தேங்க்ஸ்னார். எல்லாரும் கெளம்புன அப்புறம் கீழ எறங்கி வந்து என் கட்டில் ஓரத்துல உக்காந்து மெதுவா சொன்னார், "மை சன், 1992ல மைல் ஒன்னே இல்ல. அந்த பைனல் நடந்தது நீ தக்காளி வாங்குற கடையில."

எனக்கு புரியவே இல்ல. அப்புறம் தான் விளக்குனார். அந்த டீம் 1991ல நியூமார்கெட்ல இருந்து இங்க வந்தது, ஆடுனது குவிடி விடி ஏரி பக்கத்துல இருந்த மெமோரியல் ஸ்டேடியத்துல. மைல் ஒன் கட்டி தொறந்ததே 2001ல. பழைய ஸ்டேடியத்த அப்புறம் சூப்பர்மார்கெட்டா மாத்திட்டாங்க, நான் ஆறு வருஷமா சனிக்கிழம சனிக்கிழம பாலும் தக்காளியும் வாங்குற அதே டொமினியன் கடை. அதுக்குள்ள தான் பைனல் நடந்திருக்கு. இன்னொன்னும் சொன்னார். 1992 பைனல் ஏழு மேட்ச், அடிரோண்டாக் ரெட் விங்ஸ் கூட, ஏழுலயும் வெளியூர் டீம் தான் ஜெயிச்சது. அதாவது செயின்ட் ஜான்ஸ் அங்க போய் மூணு ஜெயிச்சாங்க, இங்க சொந்த ஊர்ல ஆடுன நாலும் தோத்தாங்க, கடைசி ஏழாவது மேட்ச் உட்பட. சொந்த ஊர் வெற்றின்னு ஒன்னு அந்த பைனல்ல கெடையவே கெடையாது. மேல போய் ஒரு ஷூ டப்பா எடுத்துட்டு வந்து காட்டுனார், நாலு டிக்கெட் கிழிசல், ஒவ்வொன்னுலயும் பென்சில்ல ஸ்கோர் எழுதியிருந்தார், எழுத்து மங்கி போயிருந்துச்சு. நாலும் தோல்வி. அந்த மனுஷன்கிட்ட போய் நான் சொந்த ஊர் வெற்றின்னு அச்சடிச்ச காகிதத்த குடுத்திருக்கேன். அன்னைக்கு ராத்திரி தூங்கல, காசு போனத விட அது தான் நெஞ்ச அறுத்துச்சு.

மறுநாள் ஜெர்சிய வெளிச்சத்துல வச்சு ஒவ்வொரு தையலா பாத்தேன். இத வாங்குறதுக்கு முன்னாடி விக்கிறவர்கிட்ட போட்டோ கேட்டு பாத்திருக்கணும். கோலி ஜெர்சின்னா சாதா ஜெர்சி மாதிரி இருக்காது, கால்ல கையில நெஞ்சுல பேட் கட்டுறதால உடம்பும் கையும் ரொம்ப அகலமா வெட்டியிருக்கும், சைஸ் லேபிள்ல நம்பர் பக்கத்துல ஜின்னு ஒரு எழுத்து இருக்கும். எனக்கு வந்தது சாதா அளவு, எனக்கே கச்சிதமா இருந்துச்சு. உண்மையில ஆட்டத்துல போட்ட துணின்னா முழங்கைல தோள்ல சுவர் பலகைல உரசுன கறுப்புக் கோடு, ஸ்டிக் டேப் பட்ட அழுக்கு, கிழிஞ்சு தச்ச இடம் எல்லாம் கலந்து இருக்கும், இதுல அழுக்கு ரெண்டு பக்கமும் ஒரே அளவுல யாரோ தேச்சு விட்ட மாதிரி இருந்துச்சு. கழுத்து லேபிள வெட்டி எடுத்திருந்தாங்க, ஆனா உள்பக்க இடுப்பு தையல்ல சின்னதா ஒரு துவைக்கிற லேபிள் மாட்டியிருந்துச்சு, நகத்தால நிமித்தி பாத்தா அதுல வெப்சைட் முகவரி அச்சடிச்சிருக்கு. 1992 துணியில வெப்சைட் முகவரி எப்படி வரும். அந்த லேபிள நான் இன்னும் வச்சிருக்கேன்.

அந்த ஆளுக்கு மெசேஜ் போட்டேன், முதல்ல "எனக்கு வித்தவங்க அப்படித்தான் சொன்னாங்க"ன்னார், அப்புறம் பதிலே இல்ல, அக்கவுன்ட்டும் காணாம போச்சு. பேங்க்ல கேட்டா நீங்களே ஒத்துக்கிட்டு அனுப்புன பணம், திரும்ப எடுக்க முடியாதுன்னாங்க. போலீஸ்ல புகார் குடுத்தேன், கனடியன் ஆன்ட்டி ஃப்ராட் சென்டர்லயும் பதிவு பண்ணேன், ஒரு நம்பர் குடுத்தாங்க. ஜூன்ல இருந்து நவம்பர் வரைக்கும் போன், மெயில், ஃபார்ம், மத்தியானம் ஆஃபீஸ் லீவு. ஒரு டாலர் திரும்பல. தெரியாத ஆள்கிட்ட வாங்குனா கிரெடிட் கார்டுல மட்டும் குடுங்க, பொருள் வேறன்னா கார்டு கம்பெனிகிட்ட வழக்காடலாம், டிரான்ஸ்பர் பண்ணா அந்த வழி பெரும்பாலும் அடைஞ்சுடும். கார்டு வேண்டாம்னு விக்கிறவர் சொன்னா அங்கயே நிறுத்திடுங்க. போலீஸ்ல சொல்ல வெக்கப்பட்டு நான் மூணு வாரம் தள்ளிப் போட்டேன், அதுவும் தப்பு, அன்னைக்கே போயிருந்தா அந்த அக்கவுன்ட் அழியறதுக்கு முன்னாடி எதாவது நடந்திருக்கலாம். எல்லா மெசேஜையும் முதல் நாளே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சது மட்டும் உருப்படியா பண்ணேன்.

அந்த ஏழு மாசத்துல நடந்த ஒரே நல்லது, இந்த ஊர் ஹாக்கி வரலாற ஒழுங்கா உக்காந்து படிச்சது. யுனிவர்சிட்டில க்வீன் எலிசபெத் லைப்ரரிக்குள்ள நியூஃபவுண்ட்லாந்து ஸ்டடீஸ் சென்டர்னு ஒன்னு இருக்கு, நான் அதே பில்டிங்ல ரெண்டு வருஷம் படிச்சும் அந்தப் பக்கம் போனதில்ல. அங்க ஈவினிங் டெலிகிராம் பழைய பேப்பர் மைக்ரோஃபில்ம்ல பாக்கலாம், காசு கெடையாது, ஒரு சாயங்காலம் போதும். கைய சுத்தி சுத்தி ரீல ஓட்டும்போது தான் ஒன்னு புரிஞ்சுது. ஸ்கிப்பர் சொன்ன அந்த காத்திருப்புல இந்த ஊருக்கு எத்தன தடவ டீம் வந்து போயிருக்குன்னு.

1991ல வந்த லீஃப்ஸ் முதல் வருஷமே பைனல். கோச் மார்க் க்ராஃபர்ட், அவரே 1996ல கொலராடோவுக்கு என்எச்எல் கோப்பையான ஸ்டான்லி கப் வாங்கிக் குடுத்தவர். 14 சீசன் இங்க ஆடுனாங்க. 2001ல புது ஸ்டேடியமும் வந்துச்சு, அப்புறம் நாலே சீசன், 2005ல டொரான்டோ காரங்க தங்களோட பசங்க பக்கத்துலயே இருந்தா நல்லதுன்னு டீம தூக்கிட்டு போய் டொரான்டோ மார்லீஸ்னு பேர் வச்சுட்டாங்க. ஒவ்வொரு வெளியூர் மேட்சுக்கும் தீவ விட்டு பிளேன்ல போகணும், பனி மூட்டம் வந்தா பிளேன் எறங்காது, அந்த செலவையும் தொல்லையையும் யோசிச்சா அவங்க கணக்கு புரியுது, ஆனா ஊர்க்காரங்களுக்கு எப்படி இருந்திருக்கும். அப்புறம் ஃபாக் டெவில்ஸ்னு ஒரு ஜூனியர் டீம், மூணே வருஷம், 2008ல மான்ட்ரியால் போயிடுச்சு. 2011ல வந்தது தான் எனக்கு ரொம்ப புடிச்ச கத. அட்லான்டாவுல இருந்த என்எச்எல் டீம் வின்னிபெக் போச்சு, அதனால வின்னிபெக்ல இருந்த மேனிடோபா மூஸ் டீமுக்கு எடம் இல்ல, அது இங்க வந்து ஐஸ்கேப்ஸ் ஆச்சு. கொண்டு வர முன்ன நின்னவர் இந்த மாகாணத்தோட முன்னாள் பிரீமியர் (நம்ம முதலமைச்சர் மாதிரி) டேனி வில்லியம்ஸ். 2014ல பைனல் வரைக்கும் போய் டெக்ஸஸ் ஸ்டார்ஸ்கிட்ட தோத்தாங்க. 2015ல வின்னிபெக் தன் டீம திரும்ப எடுத்துக்கிச்சு, ஐஸ்கேப்ஸ் பேர் அப்படியே இருந்துச்சு ஆனா மேல இருந்த டீம் மான்ட்ரியால் கனேடியன்ஸ், கலரே சிவப்பாயிடுச்சு. 2017ல அதுவும் லவால் போயிடுச்சு. அதுக்கு அடுத்த வருஷம் தான் குரோலர்ஸ், நான் வந்த வருஷம். 33 வருஷத்துல நாலு டீம், நாலும் போச்சு, ஸ்கிப்பர் நாலுக்கும் டிக்கெட் எடுத்திருக்கார்.

இந்த வருஷக்கணக்கு கைல இருந்தா போலி தானா மாட்டும், வேற எந்த ஊர் டீமுக்கும் இது பொருந்தும். எந்த வருஷம் எந்த கட்டடம், அந்த கட்டடத்துக்கு அப்போ என்ன பேர், மேல எந்த டீம், கலர் என்ன, இத ஒரு தாள்ல எழுதிக்கோங்க. மைல் ஒன் ஸ்டேடியத்துக்கே 2021ல இருந்து மேரி பிரவுன்ஸ் சென்டர்னு பேர். ஒருத்தன் 2019 கெல்லி கப் டிக்கெட்னு மேரி பிரவுன்ஸ் பேர் போட்டு காட்டுனா அது அன்னைக்கு அச்சடிச்சது இல்ல. 2012 ஐஸ்கேப்ஸ் ஜெர்சின்னு மான்ட்ரியால் சிவப்புல ஒன்னு வந்தாலும் அப்படித்தான். 1990கள் ஜெர்சில ரீபாக் லேபிள் இருந்தாலும் நம்பாதீங்க, அவங்க ஹாக்கி துணிக்குள்ள வந்ததே 2004க்கு அப்புறம். சர்டிபிகேட்ட கடைசியா பாருங்க, அத யாரு வேணா பிரிண்ட் பண்ணலாம். டீம் குடுத்த லெட்டர் இருக்கா, அந்த கிழிசல் தச்ச இடம் தெரியற மாதிரி ஆட்டத்துல எடுத்த போட்டோ இருக்கான்னு கேளுங்க. முக்கியமா அந்த ஊர்ல வயசானவர் ஒருத்தர்கிட்ட காட்டுங்க. எனக்கு அப்படி ஒருத்தர் தலைக்கு மேல மாடில இருந்தார், சர்ப்ரைஸ்னு நெனச்சு அவர்கிட்ட மட்டும் கேக்கல.

டிசம்பர்ல ஒரு குரோலர்ஸ் ஜெர்சி வாங்குனேன், இந்த ஊர் அம்மா ஒருத்தங்க வித்தாங்க. மேட்ச் முடிஞ்சதும் நல்ல காரியத்துக்கு ஜெர்சி ஏலம் விடுவாங்க, அதுல எடுத்தது, ஏல ரசீதும் வச்சிருந்தாங்க. டிம் ஹார்ட்டன்ஸ் காபி கடையில நேர்ல உக்காந்து, துணிய திருப்பிப் போட்டு, முதுகு பக்கம் கீழ சண்டை போடும்போது ஜெர்சி தலைக்கு மேல போகாம இருக்க பேன்ட்டோட மாட்டுற ஸ்ட்ராப் இருக்கான்னு பாத்து, இடது முழங்கைல இருந்த கறுப்புக் கோட அவங்க போன்ல இருந்த மேட்ச் போட்டோவோட வச்சுப் பாத்து அப்புறம் தான் 180 டாலர் குடுத்தேன். ஸ்கிப்பர் கிறிஸ்மஸ் அன்னைக்கு அத போட்டுட்டு டர்க்கி வெட்டினார்.

2025ல ஊருக்கு திரும்ப ஒரு டீம் வந்திருக்கு, நியூஃபவுண்ட்லாந்து ரெஜிமென்ட், கியூபெக் ஜூனியர் லீக், நியூ பிரன்ஸ்விக்ல பாதர்ஸ்ட் ஊர்ல இருந்து வந்தது. அந்த ஊர்க்காரங்கள நெனச்சா கஷ்டமா இருக்கு, அவங்க இப்போ 2005ல ஸ்கிப்பர் உக்காந்த மாதிரி உக்காந்திருப்பாங்க. நாங்க போனோம். இப்ப டிக்கெட் எல்லாம் போன்ல தான், கிழிசல் கெடையாது, அதனால ஸ்கிப்பர் ஒரு சின்ன நோட்டு வாங்கிட்டு வந்திருந்தார். இடைவேளையில என்கிட்ட பென்சில குடுத்து "நீ எழுது, என் கை நடுங்குது"ன்னார். தேதி, ஸ்டேடியம் பேர், ரெண்டு டீம் பேர், எங்க சீட் நம்பர் எழுதுனேன். ஸ்கோருக்கு எடம் விட்டு மூடப் போனேன், கட்டடம் பேர இங்கிலீஷ்ல எழுத்துக்கூட்டி சரியா எழுதியிருக்கியான்னு திரும்ப வாங்கிப் பாத்தார்.